பேராக் தோட்டத்து வாசகர்களின் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்



புந்தோங், சிம்மோர், சுங்கை சிப்புட், பத்து காஜா, தெலுக் இந்தான் என்று பேராக்கின் தாமான்களில் இன்று குடியிருக்கும் உங்களில் பலருக்குப் பூர்வீகம் ஏதோ ஒரு கித்தாத் தோட்டம், அதாவது ரப்பர் தோட்டம். அங்கிருந்து லோரி ஏறி வந்த சாமான்களோடு சில வீடுகளுக்கு ஒரு புத்தக அலமாரியும் வந்தது. அலமாரி இல்லாதவர்கள் தகரப் பெட்டியிலும் பிஸ்கட் டின்னிலும் போட்டுக் கொண்டுவந்தார்கள். அந்தப் புத்தகங்களைச் சேர்த்தவர்களில் பலர் இப்போது இல்லை. இருப்பவர்களில் பலர் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். தீபாவளிக்கு வீடு ஒதுக்கும்போதும், சமையலறையை இடித்துக் கட்டும்போதும், கருமாதி முடிந்து அறையைக் காலி செய்யும்போதும் முதலில் வாசலுக்கு வருவது அந்தப் பெட்டிதான். பழைய பேப்பர் எடுப்பவர் நிறுத்துப் பார்த்து, கையில் கொஞ்சம் காசு கொடுத்துவிட்டுப் போகிறார்.

அதற்கு முன் உங்களிடம் சொல்ல வேண்டியவை சில இருக்கின்றன.

கித்தா இந்த மாநிலத்துக்கு வந்தது 1877-ல். கோலகங்சாரில் அப்போது பிரிட்டிஷ் ரெசிடென்டாக இருந்த ஹியூ லோ நட்ட கன்றுகளில் ஒன்று என்று காட்டப்படும் மரம் இன்றும் அந்த ஊரில் நிற்கிறது. மரத்துக்குப் பின்னால் ஆட்கள் கப்பலில் வந்தார்கள். பள்ளிக்கூடம் வர வெகுகாலம் ஆனது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் ஒரு பள்ளிக்கூடம் வைத்தாக வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கட்டாயப்படுத்தியது. பல தோட்டங்களில் அது வெறும் கொட்டகை. வாத்தியார் வேலையையும் கிராணியோ கங்காணியோ சேர்த்துப் பார்த்துக்கொண்டார். சில வகுப்புகள் படித்ததும் பிள்ளைகள் உளியையும் வாளியையும் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போய்விட்டார்கள். உங்கள் வீட்டு அலமாரியில் மு. வரதராசனும் கல்கியும் அகிலனும் பெரியாரின் சிறுநூல்களும் இருந்தால், அவற்றை வாசித்தவர் இந்தக் கொட்டகைப் படிப்பை மட்டும் வைத்துக்கொண்டு வாசித்தவர் என்பதை நினைத்துப் பாருங்கள். மீதித் தமிழைப் புத்தகங்களே அவருக்குச் சொல்லிக் கொடுத்தன.

எப்போது வாசித்தார்? பால்மரத்தின் நேரம்தான் அவருடைய நேரம். விடியுமுன் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. வெயில் ஏறுவதற்குள் நிரையை வெட்டி முடிக்க வேண்டும். காலைக் குளிர்ச்சியில்தான் மரம் நன்றாகப் பால் கொடுக்கும். பிறகு மங்கு மங்காகப் பாலைச் சேர்த்து, ஸ்டோரில் கொண்டுபோய் நிறுத்துப் போட்டுவிட்டு வர நண்பகல் ஆகிவிடும். குளித்துச் சாப்பிட்டு, ஆடு மாடு பார்த்த பிறகு கிடைக்கும் பிற்பகல் ஒரு சிலருக்குத் தூக்கத்துக்கு, ஒரு சிலருக்குக் கள்ளுக்கடைக்கு, வேறு சிலருக்குப் புத்தகத்துக்கு. மழை பெய்து பட்டை நனைந்துவிட்டால் வெட்டு கிடையாது, அன்றைய கூலியும் கிடையாது. வாசகருக்கு அது நாள் முழுவதும் படிக்கக் கிடைத்த நாள். வீட்டுக்காரிக்கு அரிசிக் கணக்கு உதைக்கிற நாள். தோட்டத்து வாசிப்புக்குள் இந்த இரண்டும் சேர்ந்தே இருந்தன. பசி தெரியாத இடத்தில் உட்கார்ந்து அவர்கள் படிக்கவில்லை.

இரவில் மண்ணெண்ணெய் விளக்கு. பிற்காலத்தில் இன்ஜின் போட்டு மின்சாரம் கொடுத்த தோட்டங்களிலும், குறித்த நேரத்தில் விளக்கு அணைந்துவிடும். அத்தியாயம் பாதியில் நிற்கும்.

அந்தக் காலத்து வாசகர் தனியாக வாசித்தவர் என்று நினைத்தால் பாதியைத்தான் புரிந்துகொண்டவர்கள் ஆவோம். ஒருவருக்கு எழுத்துத் தெரிந்தால், வரிசை வீடுகளான லயத்துக்கே தெரிந்த மாதிரி. 1924-ல் கோலாலம்பூரில் தொடங்கிய தமிழ் நேசனும், 1935-ல் சிங்கப்பூரில் தொடங்கிய தமிழ் முரசும் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தால் ஒருவர் உரக்கப் படிப்பார். சுற்றிலும் பத்துப் பேர் கேட்பார்கள், இடையிடையே சண்டை போடுவார்கள். 1929 டிசம்பரில் ஈப்போவில் கூடிய தமிழர் மாநாட்டுக்குப் பெரியார் வந்தார். அவர் 1925-ல் ஈரோட்டில் தொடங்கிய குடி அரசு மலாயாவுக்கும் வந்துகொண்டிருந்தது. சாதி என்ன சொல்கிறது, கோயில் என்ன சொல்கிறது, கங்காணி ஏன் அப்படிப் பேசுகிறார் என்ற கேள்விகளை லயத்துக் காமராவுக்குள் கொண்டுவந்ததில் இப்படி உரக்கப் படித்த குரல்களுக்குப் பெரிய பங்கு உண்டு. தமிழ்நாட்டில் தேநீர்க் கடையும் முடிதிருத்தும் நிலையமும் படிப்பகமும் செய்த வேலையை, இங்கே லயத்துத் திண்ணையும் கோயில் மண்டபமும் செய்தன.

உலகத்தின் மறுகோடியிலும் இதுபோல் ஒன்று நடந்தது. கியூபாவின் ஹவானா நகரத்துச் சுருட்டு ஆலைகளில் 1865 முதல் வாசிப்பாளர் என்று ஒருவர் மேடையில் உட்கார்ந்து செய்தித்தாளும் நாவலும் படிப்பார். தொழிலாளர்கள் இலை சுருட்டிக்கொண்டே கேட்பார்கள். அவருக்குச் சம்பளம் கொடுத்தவர்கள் தொழிலாளர்களே. அலெக்சாந்தர் டூமாவின் நாவலை அவர்கள் விரும்பிக் கேட்டதால்தான் ஒரு சுருட்டுக்கு மான்டெ கிறிஸ்டோ என்று பெயர் வந்தது என்பார்கள். கியூபாவின் அந்த வாசிப்பாளர்களைப் பற்றி ஆராய்ச்சி நூல்கள் வந்துவிட்டன. கூலி எதுவும் வாங்காமல் சிம்மோரிலும் சுங்கை சிப்புட்டிலும் படித்துக் காட்டியவர்களைப் பற்றிச் சொல்ல உங்களை விட்டால் ஆளில்லை.

இனி அலமாரியைத் திறந்து ஒரு புத்தகத்தைக் கையில் எடுங்கள். தொடர்கதை பைண்டு ஒன்று கிடைத்தால் அதையே எடுங்கள். கல்கியின் பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை வார இதழில் தொடராக வந்தது. இதழ் கடல் கடந்து வந்து, ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் கைமாறி, கடைசியில் அதை வாங்கியவரிடமே திரும்பும். அவர் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பிளேடால் வெட்டி, வார வரிசையில் அடுக்கி, கோணி ஊசியால் துளைபோட்டு நூல் கோத்து, சோற்றுப் பசை தடவி, மேலே காலண்டர் அட்டை ஒட்டுவார். ஓவியர் மணியத்தின் படங்கள் அதில் இருக்கும். பக்கத்தின் மறுபுறத்தில் அந்த வாரத்துத் துணுக்கு, தைல விளம்பரம், பாதியில் அறுந்த வேறொரு கதை. நடுவில் ஒரு வாரம் கிடைக்காமல் போயிருந்தால் கோடு போட்ட பள்ளி நோட்டுத் தாளில் அந்த அத்தியாயத்தைக் கையால் எழுதிச் சேர்த்தவர்களும் உண்டு. முதல் பக்கத்தில் பெயர், தோட்டத்தின் பெயர், எத்தனையாவது டிவிஷன், தேதி. கீழே, படித்துவிட்டுத் திருப்பித் தரவும் என்று ஒரு வரி. ஓரங்களில் வெவ்வேறு கைகளின் எழுத்து: இவர் சொல்வது சரி, இது நடக்காது, பாவம் பூங்குழலி.

கடைகளில் இன்று கிடைக்கும் பொன்னியின் செல்வன் அழகான தாளில், நல்ல கட்டில் கிடைக்கிறது. இந்த பைண்டு வேறு. ஒரு தோட்டம் முழுவதும் ஒரு கதையை எப்படி வாசித்தது என்பதற்கு எழுத்துப்பூர்வமான சாட்சி அது.

பெண்களின் வாசிப்பைப் பற்றி இன்னும் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் அதைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. ஆண்களோடு சரிக்குச் சரி நிரை வெட்டிவிட்டு வந்து, ஆயாக்கொட்டகையிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, அடுப்பு மூட்டிச் சோறு ஆக்கிய பிறகு அந்தப் பெண்களுக்கு மிஞ்சிய நேரம் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தில் லட்சுமியையும் சிவசங்கரியையும் ரமணிசந்திரனையும் படித்தார்கள். லட்சுமி என்ற திரிபுரசுந்தரி நெடுங்காலம் தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்தவர். அவருக்கு 1984-ல் சாகித்திய அகாதமி விருது வாங்கித் தந்த 'ஒரு காவிரியைப் போல', அந்த நாட்டுத் தமிழர் வாழ்க்கையைச் சொல்லும் நாவல். கடல் கடந்து வந்த இன்னொரு கூட்டத்தின் கதையைப் பேராக்கின் பெண்கள் வாசித்தார்கள் என்பது சாதாரணம் இல்லை. அம்மா படிக்கிறாள் என்பதை வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தலையணைக்கு அடியில், அரிசி டின்னுக்குப் பின்னால், தையல் மிஷின் இழுப்பறையில் அவளுடைய புத்தகங்கள் இருந்தன. அப்பாவின் புத்தகங்கள் அலமாரி ஏறின. அம்மாவினுடையவை ஏறவில்லை. ஆகவே தேடும்போது அலமாரியோடு நிறுத்திவிடாதீர்கள்.

படித்தவர்களில் பலர் எழுதவும் துணிந்தார்கள். 1950-ல் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் தமிழ் நேசனில் கதை வகுப்பு நடத்தினார்கள். சிறுகதை எழுதுவதை ஒரு நாளிதழ் பாடமாகச் சொல்லிக் கொடுத்தது. தமிழ் முரசின் மாணவர் மணிமன்றம் பள்ளிப் பிள்ளைகளின் எழுத்தை அச்சிட்டது. அதில் ஊறியவர்கள் ஊருக்கு ஊர் தமிழ் இளைஞர் மணிமன்றங்களை எழுப்பினார்கள். தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி 1952-ல் தொடங்கிய தமிழர் திருநாள் தோட்டங்களுக்கும் பரவ, கட்டுரைப் போட்டியும் பேச்சுப் போட்டியும் நடந்தன. மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் நிலைபெற வேண்டும் என்று அவரே தமிழ் எங்கள் உயிர் என்ற பெயரில் நிதி திரட்டியபோது பால்மரம் வெட்டியவர்களும் வெள்ளி எடுத்துக் கொடுத்தார்கள். தங்கள் பிள்ளைகள் கால்வைப்பார்களா என்று தெரியாத ஓர் இடத்துக்காகக் கொடுத்த பணம் அது. 1954-ல் சுங்கை சிப்புட்டில் விஜயலட்சுமி பண்டிட் திறந்துவைத்த மகாத்மா காந்தி கலாசாலையும் அந்தக் காலத்து வேகத்தில் எழுந்ததுதான். 1977-ல் ஆதி குமணனின் வானம்பாடி வார இதழ் வந்தபோது அதைப் பிடித்துக்கொண்டது இந்த வாசகர்களின் அடுத்த தலைமுறை.

பிறகு தோட்டங்கள் கலைந்தன. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். ஆயிரக்கணக்கானோர் வேலையும் வீடும் இழந்தார்கள். சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன், தொழிலாளர்களே பணம் போட்டுத் தோட்டம் வாங்கட்டும் என்று 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தது அந்தக் கொடுமையைக் கண்டுதான். 1969-க்குப் பிறகு வேலை பெர்மிட் கிடைக்காத, குடியுரிமை இல்லாத பலர் கப்பலேறி ஊர் திரும்பினார்கள். கித்தா போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்குப் பிறகு வீடமைப்புத் திட்டங்களும் கோல்ஃப் திடல்களும் வந்தன. ஒவ்வொரு பெயர்ச்சியிலும் பாத்திரம் வந்தது, சாமி படம் வந்தது, தையல் மிஷின் வந்தது. புத்தகத்துக்கு லோரியில் இடம் இல்லை என்று சொல்லப்பட்டது. உங்கள் வீட்டில் எஞ்சியிருப்பது இத்தனைக்கும் தப்பிப் பிழைத்தது.

அதில் எது அரியது, எது எளிதாகத் திரும்பக் கிடைக்கும் என்று சொல்லிவிடுவது நல்லது. தமிழ்நாட்டில் அச்சான புகழ்பெற்ற நாவல்கள் பெரும்பாலும் மறுபதிப்பில் உள்ளன. அவற்றை மனமில்லாமல் இழந்தாலும் உலகம் இழக்காது. இந்த நாட்டில் அச்சானவை அப்படி இல்லை. சா. ஆ. அன்பானந்தனின் மரவள்ளிக்கிழங்கு, எம். குமாரனின் செம்மண்ணும் நீல மலர்களும், ஆர். சண்முகத்தின் சயாம் மரண ரயில் போன்ற நூல்களின் பழைய பதிப்புகளைத் தேடி அலைபவர்கள் இருக்கிறார்கள். அவற்றைவிடவும் அரியவை உண்டு: தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா மலர், பள்ளிக்கூட விழா மலர், மணிமன்ற ஆண்டு மலர், தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் சங்கமணி இதழ், உள்ளூர்க் கவிஞர் தம் கைக்காசில் போட்ட மெல்லிய கவிதை நூல், கையெழுத்துப் பத்திரிகை. 1986-ஆம் ஆண்டு நூல் சேமிப்புச் சட்டம் பதிப்பாளர்கள் தேசிய நூலகத்துக்குப் படிகள் கொடுக்க வேண்டும் என்கிறது. ஆனால் ஒரு தோட்டத்துத் திருவிழாக் குழு போட்ட மலர் அங்கே போய்ச் சேர்ந்திருக்கும் என்று நம்பி இருந்துவிட முடியாது. தோட்டமே வரைபடத்தில் இல்லாமல் போன பிறகு, அங்கே யார் யார் வாழ்ந்தார்கள், யார் தலைவராக இருந்தார், எந்தப் பிள்ளை திருக்குறள் ஒப்புவித்துப் பரிசு வாங்கியது என்பதற்கு அந்த மலர் ஒன்றே ஆதாரம்.

ஒரு தனிமனிதரின் சேகரிப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இரண்டு பேரைச் சொன்னால் போதும். செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்த ரோஜா முத்தையா, கிடைத்த அச்சுத்தாள் எதையும் விடாமல் சேர்த்தார். புத்தகம், நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை வரை. 1992-ல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கிச் சென்னையிலேயே நூலகமாக நிலைநிறுத்தியது. இன்று தமிழ் ஆராய்ச்சி செய்பவர்கள் அந்தப் படியேறாமல் இருப்பது அரிது. இங்கே, கேரித் தீவுத் தோட்டத்தில் பிறந்து ஆசிரியரான முரசு நெடுமாறன், 1887 முதல் நூறாண்டுக் காலத்துக் கவிதைகளைப் பல ஆண்டுகள் அலைந்து திரட்டி, மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியமாக 1997-ல் வெளியிட்டார். யாரோ ஒரு வீட்டில் யாரோ ஒருவர் ஒரு பழைய இதழை எறியாமல் வைத்திருந்ததால்தான் இப்படிப்பட்ட தொகுப்புகள் உருவாக முடிகிறது.

இலங்கைத் தமிழர்கள் 2005 முதல் நூலகம் என்ற திட்டத்தில் தங்கள் நூல்களையும் இதழ்களையும் ஸ்கேன் செய்து எல்லாருக்கும் திறந்து வைத்திருக்கிறார்கள். சிங்கப்பூர் தன் ஐம்பதாம் ஆண்டான 2015-ல் தன் தமிழ் நூல்களை மின்வடிவமாக்கியது. பேராக்குக்கும் அப்படி ஒரு வேலை நடக்க வேண்டும். அது நடக்கும் நாளில் ஸ்கேன் செய்யப் புத்தகம் கைவசம் இருக்க வேண்டும் என்பதே இந்த மடலின் கவலை.

ஆகவே, பெட்டியைத் திறந்ததும் அவசரப்படாதீர்கள். தூசியை மெல்லிய துணியால் தட்டுங்கள். ஈரம் இருந்தால் நிழலில் காற்றாட விரியுங்கள், வெயிலில் வைத்தால் தாள் நொறுங்கும். கிழிந்த பக்கத்துக்குச் செலோடேப் ஒட்ட வேண்டாம், அது சில வருடங்களில் மஞ்சளித்து எழுத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டிவைத்தால் நம் ஊர் ஈரப்பதத்துக்குப் பூஞ்சணம் பிடிக்கும். கரையான் ஏறாத உயரத்தில் அட்டைப் பெட்டியே போதும். ஒவ்வொரு புத்தகத்தின் அட்டையையும், பெயர் எழுதிய முதல் பக்கத்தையும், அச்சக விவரம் உள்ள பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். பெயரையோ முத்திரையையோ அழிக்காதீர்கள். நடுவில் செருகிவைத்த பஸ் டிக்கெட், சம்பளச் சீட்டு, ஊரிலிருந்து வந்த கடிதம் எதுவாக இருந்தாலும் எந்தப் பக்கத்தில் இருந்ததோ அங்கேயே இருக்கட்டும்.

வைத்துக்கொள்ள இடமில்லை என்றால் அது குற்றமில்லை. கொடுப்பதற்கு ஆள் தேடுங்கள். நாட்டிலேயே அதிகமாகப் பேராக்கில்தான் 134 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. தோட்டம் மறைந்த பின்னும் தோட்டத்தின் பெயரைத் தாங்கி நிற்கும் பள்ளிகள் அவற்றில் பல. உங்கள் தாத்தாவின் தோட்டப் பெயரில் ஒரு பள்ளி இன்றும் இருந்தால், அந்தத் தோட்டத்து மலரும் படங்களும் சேர வேண்டிய முதல் இடம் அதுதான். தலைமையாசிரியர்களுக்கும் இங்கே ஒரு வேண்டுகோள்: பழைய புத்தகம் என்று திருப்பி அனுப்பாமல், பூட்டுப் போட்ட ஓர் அலமாரியை இதற்கென்று ஒதுக்குங்கள். எழுத்தாளர் சங்கங்களும் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையும் கேட்டுப் பார்க்க வேண்டிய மற்ற இடங்கள்.

கடைசியாக, வாசகர் இன்னும் உயிரோடு இருக்கும் வீடுகளுக்கு. ஏறக்குறைய 95 ஆண்டு நடந்த தமிழ் நேசன் 2019 தொடக்கத்தில் நின்றபோது, காலையில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பேப்பருக்குக் காத்திருந்த பெரியவர்கள் இந்த ஊரில் எத்தனையோ பேர். கண் மங்கியதால் இப்போது சிலரால் படிக்க முடிவதில்லை. அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கதையை உரக்கப் படித்துக் காட்டுங்கள். முதலில் படித்த புத்தகம் எது, யார் கொடுத்தது, எந்த இடத்தில் உட்கார்ந்து படித்தீர்கள், யாருக்குப் படித்துக் காட்டினீர்கள் என்று கேட்டுக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பாட்டியிடமும் கேளுங்கள், படிக்கத் தெரியாது என்று அவர் சொன்னாலும், காதால் கேட்ட கதை எது என்று கேளுங்கள். வரும் ஞாயிற்றுக்கிழமையே கேளுங்கள், அடுத்த தீபாவளி வரை தள்ளிப் போடாதீர்கள்.